பிளாட்பாரத்திலிருந்து வீட்டுக்கு



சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை சூடுபிடிப்பது ஊர் அடங்கிய பிறகுதான். காய்கறி லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். மூட்டை இறக்குகிற தொழிலாளிகள் விடிய விடியச் சுமப்பார்கள். காலையில் சந்தடி ஓய்ந்ததும், கிடைத்த நிழலில் கோணியை விரித்துப் படுப்பார்கள். இவர்களில் வீடு இல்லாத ஒருவருக்கு, மாலையில் திறந்து காலையில் பூட்டுகிற இரவுக் காப்பகத்தால் என்ன பயன்? அவர் தூங்கும் நேரத்தில் அதன் கதவு மூடியிருக்கும்.

காப்பகம் எங்கே இருக்க வேண்டும், எப்போது திறந்திருக்க வேண்டும், யாருக்கானது என்பதையெல்லாம் அங்கே தங்கப்போகிறவரின் பிழைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கே காலியிடம் கிடக்கிறது என்று பார்த்து அல்ல.

சட்டமும் விதியும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2009 டிசம்பரில், டெல்லியின் கடுங்குளிரில், வீடற்றவர்கள் ஒண்டியிருந்த ஒரு கூடாரம் அகற்றப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் நீதிமன்றம் இட்ட உத்தரவுகளில்தான், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கு வந்தது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு நெறிமுறை வகுத்தது. லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் வசதி வேண்டும். ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும். ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். விரிவடைந்த சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்குப்படியே 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் அறுபதுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு ஊரின் மொத்த மக்கள்தொகையை வைத்துப் போட்டது. வீடு இல்லாதவர்கள் எத்தனை பேர், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதை இது சொல்லாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை 2011 பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. நான் சொன்ன கோயம்பேட்டுத் தொழிலாளி போன்றவர்கள் அந்த நேரத்தில் மூட்டை சுமந்துகொண்டிருப்பார்கள். அவர்களை யார் எண்ணியிருப்பார்கள்? வார்டு வார்டாக, இரவிலும் பகலிலும், மழைக்காலத்திலும் கோடையிலும் எண்ண வேண்டும். டெல்லியில் குளிர் கொல்லும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரை வெயிலும்தான் ஆளை வதைப்பவை.

வால்டாக்ஸ் சாலை, பிராட்வே பக்கம் அதிகாலையில் நடந்து பாருங்கள். கடைகள் ஷட்டரைத் தூக்குவதற்குள் தார்ப்பாயைச் சுருட்டி, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். கம்பியில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை தொங்கும். தாத்தா காலத்திலிருந்து அங்கேயே குடித்தனம் நடத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன. காப்பகங்களோ பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரிந்து படுக்க எந்தக் குடும்பம் ஒப்புக்கொள்ளும்? அவர்களுக்குத் தேவை வீடு. அதுவும் பூ விற்கிற, வண்டி இழுக்கிற இடத்துக்குப் பக்கத்தில். இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பெரும்பாக்கத்தில் அரசுக் குடியிருப்பின் சாவியைக் கொடுத்தால், சம்பாத்தியத்தில் பெரும்பகுதி பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும். பிழைப்புக்காகப் பிளாட்பாரத்துக்கே திரும்புகிறவர்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

தேவையறிந்து திட்டமிட்டதும் உண்டு. அரசு மருத்துவமனை வளாகங்களில், நோயாளிகளுடன் வெளியூரிலிருந்து வருகிற உறவினர்களுக்கென்று சென்னை மாநகராட்சி காப்பகம் அமைத்தது அப்படிப்பட்ட வேலை. தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்தவர்களை யாரோ கவனித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் கடினமான விஷயம் மனநலம் குன்றித் தெருவில் அலைகிறவர்களுடையது. 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு இப்படிப்பட்ட பெண்களை அழைத்து வந்து சிகிச்சை கொடுத்தது. குணமான பலர் சொந்த ஊர் திரும்பினார்கள். போக இடமில்லாதவர்களை என்ன செய்வது? வருஷக்கணக்கில் விடுதியிலேயே வைத்திருப்பது வாழ்க்கை ஆகாது. 2015 முதல் அந்த அமைப்பினர் வேறு வழியை எடுத்தார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்குப் பிடித்து, நாலைந்து பேரைச் சேர்த்துக் குடிவைத்தார்கள். துணைக்கு ஓர் உதவியாளர். என்ன குழம்பு வைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதைக் குடியிருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள். மருந்தும் மருத்துவரும் அங்கேயே தேடி வருகிறார்கள். மனநோய் உள்ளவர்களுக்குச் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. இந்த வீடுகளை ஒரு தொண்டு நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டாமல், ஒவ்வொரு மாநகராட்சியும் தன் வீட்டுவசதித் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்கு இப்படி நான்கு பேர் குடிவந்தால், வீட்டுக்காரரிடம் போய்ப் புகார் சொல்லாதீர்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் நடத்த 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. உங்கள் பகுதியில் சபை கூடும்போது தெருவிளக்கு, குப்பைத்தொட்டியோடு இதையும் கேளுங்கள்: நம் வார்டில் வீடில்லாமல் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஏற்பாடு? சென்னையில் இருப்பவர்கள், மழை இரவில் யாராவது தெருவில் நனைந்துகொண்டிருப்பதைக் கண்டால், 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குச் சொல்லுங்கள்.