சீட்டியடித்ததற்கு ஆயிரம் யூரோ!
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

சற்று முன்பு எல்லோரும் எழுந்து நின்று சர்வதேச கீதம் பாடினோம். அந்தப் பாட்டு யாருடையது? "இதென்ன கேள்வி, நம்முடையது!" என்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிரான்சு தேசத்தில் 2017-ம் ஆண்டு வரை அதன் மெட்டுக்குத் தனிச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

2004-ல் அங்கே ஒரு சினிமாப் படம் வந்தது. அதில் ஒருவர் இந்த மெட்டைச் சீட்டியடிக்கிறார். பாடக்கூட இல்லை, வெறும் சீட்டி! அடுத்த ஆண்டு, "அனுமதி வாங்கவில்லை, ஆயிரம் யூரோ கட்டு" என்று கேட்டுவிட்டார்கள்.

இந்த நிலைமை எப்படி வந்தது? பாட்டை எழுதியவர் யூஜின் போத்தியே. 1871-ல் பாரிஸ் கம்யூன் இரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்ட நாட்களில் எழுதினார், 1887-ல் மறைந்தார். மறு ஆண்டு லில் நகரத்தில் மெட்டமைத்தவர் பியர் டிகெய்ட்டர். அவர் நம்மவர்தான். சின்னப் பையனாக நூல் ஆலையில் உழைத்து, பிறகு மரவேலைக்குப் போனவர். அச்சிட்ட தாளில் முழுப் பெயரைப் போட்டால் முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவான் என்று குடும்பப் பெயரை மட்டும் போட்டார்கள். அதுவே வினையாயிற்று. "மெட்டு என்னுடையது" என்று தம்பி அடோல்ப் கிளம்பினார். அவருக்கும் அதே குடும்பப் பெயர்தானே! 1914-ல் கோர்ட்டில் அண்ணன் தோற்றார். 1916-ல் தம்பி தற்கொலை செய்துகொண்டார். மெட்டு தன்னுடையதல்ல என்று அவர் எழுதி வைத்த கடிதம் பிறகு வெளிப்பட்டது. 1922-ல்தான் அண்ணனுக்கு நீதி கிடைத்தது.

ஆகவே, பதிப்புரிமை என்றாலே முதலாளிகளின் சூழ்ச்சி என்று எடுத்த எடுப்பில் பேசிவிடாதீர்கள். உழைத்தவனுக்குத் தன் உழைப்பின் மீது உரிமை வேண்டும். எத்தனை காலத்துக்கு, யார் கைக்கு என்பதுதான் சண்டை.

டிகெய்ட்டர் 1932-ல் மறைந்தார். பிரான்சில் ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டு. 2002-உடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! இரண்டு உலகப் போர்களிலும் வியாபாரம் கெட்டது என்று சொல்லி, பழைய மெட்டுகளுக்குச் சட்டம் 14 ஆண்டு 272 நாள் கூட்டிக் கொடுத்திருந்தது. அந்தப் போர்களில் மாண்ட சிப்பாய்க்கு ஒரு நாளாவது திருப்பித் தந்தார்களா?

நம் நாட்டுக் கணக்கு வேறு. 1957-ம் ஆண்டுச் சட்டம் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்றது. 1992-ல் அதை 60 ஆக்கினார்கள். மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ண வேண்டும். இந்த மெட்டு இங்கே எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பாட்டு என்பது ஒரே சொத்தல்ல. சொற்களுக்கு எழுதியவர், மெட்டுக்கு இசையமைத்தவர் என்று தனித்தனியாக ஆண்டு எண்ண வேண்டும். இசைத்தட்டுக்கு மூன்றாவதாக ஓர் உரிமை. அது யாருடைய மறைவையும் பார்ப்பதில்லை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1965-ல் வந்த தட்டுக்கு 2025 டிசம்பர் 31 வரை. பழைய பாட்டாயிற்றே என்று நேற்று வந்த தட்டைப் பிரதி எடுத்து விற்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பு. போத்தியேயின் சொற்கள் பொதுச் சொத்துதான். அதைத் தமிழாக்கியவருக்குத் தம் தமிழ்ச் சொற்களின் மீது உரிமை தனியாக உண்டு.

"அப்படியானால் கூட்டத்தில் பாடினால் கேஸ் வருமா?" என்று முன்வரிசைத் தோழர் கேட்கிறார். பயப்பட வேண்டாம். டிக்கட் வாங்காத கூட்டத்தில் தொழில்முறை அல்லாத குழு பாடுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நீங்களே பாடித் தட்டுப் போட்டு விற்பதாக இருந்தால் மட்டும், தமிழாக்கியவர் உயிருடன் இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த ஆண்டில் மறைந்தார் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். மற்றதை உட்கார்ந்து கணக்குப் போடலாம்.