வட்டிக் கணக்கும் வேதபாடமும்



நம் கல்லூரிகளில் வேதபாட வகுப்பில் தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிறோம். வணிகவியல் வகுப்பில் கூட்டு வட்டி நடத்துகிறோம். இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்திருப்பது ஒரே மாணவர்தான். சம்பளத்தில் பத்தில் ஒன்று காணிக்கை என்று அவருக்குத் தெரியும். ஆனால், தாம் வாங்கிய கல்விக்கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறத் தொடங்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இவ்விரண்டையும் ஒரே பாடமாக நடத்த முடியும், நடத்தவேண்டும் என்பதே என் கருத்து.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சம் ஒரு பக்கம், ராஜாவின் வரி மறுபக்கம். எளிய ஜனங்கள் வயல்களையும் திராட்சத் தோட்டங்களையும் அடகு வைத்து, முடிவில் பிள்ளைகளையே அடிமைகளாக விடுகிறார்கள். கடன் கொடுத்தவர்களோ அவர்களுடைய சொந்தச் சகோதரர்கள். நெகேமியா கோபங்கொண்டு சபையைக் கூட்டுகிறார். நிலங்களையும் நூற்றில் ஒன்றாக வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். தாமும் கடன் கொடுத்தவரே என்பதை அவர் மறைக்கவில்லை. நூற்றில் ஒன்று என்பதை மாத வட்டியாகவே விளக்கவுரையாளர் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 12 விழுக்காடு. நம் ஊர்களில் சாதாரணமாகப் புழங்கும் 'மூணு வட்டி' ஆண்டுக்கு 36 விழுக்காடு. மாணவர் இந்தக் கணக்கைத் தம் கையால் போட்டுவிட்டு அதிகாரத்தை மறுபடி வாசிக்கட்டும். நெகேமியாவின் கோபம் அப்போது புரியும்.

வட்டிச் சுமைக்கு விசுவாசம் தந்த இன்னொரு பதிலையும் பார்ப்போம். ஜெர்மனியில் கிராம மேயராக இருந்த ராய்ஃபைசன் (1818–1888) தம் விசுவாசத்தின் உந்துதலால் ஏழை உழவர்களுக்காக உழைத்தவர். செல்வந்தரின் தர்மத்தை நம்பியே முதலில் தொடங்கினார். அது நிலைக்காது என்று கண்டபின், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கங்களை அமைத்தார். அந்த முறையைச் சென்னை மாகாண அரசுக்காக ஆராய்ந்து பரிந்துரைத்தவர் பிரடெரிக் நிக்கல்சன். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அவருடைய அறிக்கை வழிகோலியது. இன்று நம் மாணவரின் தகப்பனார் நகையை அடகு வைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு இப்படியும் ஒரு வேர் உண்டு. எந்த வேதபாட வகுப்பிலாவது இதைச் சொல்லியிருக்கிறோமா?

கடன் கணக்கு மட்டுமல்ல, காணிக்கைக் கணக்கும் இந்தப் பாடத்தில் சேரும். சபைகளில் கணக்குக் கேட்பதை அவிசுவாசமாக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. இது எனக்குப் பெரிய வேதனை. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, ஒருவரும் குறை சொல்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் அனுப்புகிறார் பவுல். ஜெபக்கூட்டத்தில் பழகிய அண்ணன் சொன்னார் என்று ஓய்வூதியப் பணத்தை முதலீட்டுத் திட்டங்களில் போட்டு இழந்தவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். விதைத்தால் நூறு மடங்கு என்று காணிக்கை கேட்கும் பிரசங்கமும் அவர்களை இப்படிக் கேள்வி கேட்காமல் கொடுக்கப் பழக்கியிருக்கிறது. ரசீதும் ஆண்டுக் கணக்கும் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்பதும் சீஷத்துவப் பயிற்சியே.

இக்கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டின் முதல் பட்டதாரியை மனதில் வைத்துப் பேசுங்கள். முதல் சம்பளம் வருமுன்பே அக்காவின் கல்யாணக் கடன் அவருக்காகக் காத்திருக்கிறது. கடனா, காணிக்கையா, எது முதலில்? கடனை நேர்மையாக அடைப்பதும் ஆண்டவருக்குக் கீழ்ப்படிதல்தான் என்று நான் நம்புகிறேன். மாறுபடுவோர் இருப்பீர்கள். கல்விக்கடன் குறித்த முதல் அமர்விலேயே அந்த விவாதம் தொடங்கட்டும். கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.