நம் கூரையின் நீர்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச அழைத்த மேடையில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் உண்டு. முதல் பாடவேளைக்குப் பிந்தி வரும் பெண்பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான்: "தண்ணி பிடிச்சிட்டு வந்தேன் சார்." தெருக்குழாயில் காலையில் சிறிது நேரமே நீர் வருகிறது. அந்தக் குழாய் ஊர்த்தெருவில் தொடங்கிக் காலனியில் முடிகிறது. இடையிலுள்ள சில வீட்டார் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுகின்றனர். கடைசிக் குழாயடியில் குடத்தோடு நிற்பவள் நம் மகள்.

என் தாயார் காலத்தில் மோட்டார் இல்லை. கிணற்றுக்குச் சற்றுத் தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு, எவரேனும் மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருப்பார். பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லா வகுப்பினர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924ஆம் ஆண்டில். அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியது 1927 மார்ச் 20ஆம் நாள். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது. எனினும் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி வந்தபோது, இங்குள்ள தாய்மார்களும் குடத்து நீரை முகர்ந்து பார்த்தார்கள்.

ஆகவே, நான் சொல்லப்போவது உரிமைக்கு மாற்று அன்று. கூரைமேல் விழும் மழைக்காக நாம் எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். பொதுக்குழாயில் நம் பங்கைக் கேட்டு மனு எழுதும்போது வீட்டுத் தொட்டியைக் கணக்கில் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். முன்னூறு சதுர அடித் தளம் போட்ட வீடு ஏறக்குறைய 28 சதுர மீட்டர். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சிதறலும் ஆவியும் போக ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும் என்றாலும் 22,000 லிட்டர்! 2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பெய்தது. அத்தகைய மழையில் இந்தச் சிறு கூரையிலிருந்து மட்டும் 11,000 லிட்டர் பிடித்திருக்கலாம். அடுத்த சித்திரையில் வழக்கம்போல் வரிசையில் நின்றோம்.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அன்று பெரும்பாலும் மழையை நிலத்துக்குள் இறக்கும் குழிகளையே அமைத்தோம். அது நல்லதே. ஆனால் திண்டிவனத்தைச் சுற்றிப் பெரும்பகுதி கடும்பாறை நிலம். உள்ளே இறங்கிய நீரை மீண்டும் எடுக்கக் கிணறோ ஆழ்துளைக் குழாயோ வேண்டும். அவை நம்மில் எத்தனை பேரிடம் உள்ளன? ஆதலின் நமக்கு முதலில் வேண்டுவது தொட்டி.

தொட்டியைத் தரைக்குமேல் கட்டுங்கள். நம் மனைகள் இரண்டு மூன்று சென்டு. கழிப்பறைக் குழி பக்கத்திலேயே இருக்கும். தரைக்கடியிலுள்ள தொட்டியில் சிறு வெடிப்பு விழுந்தாலும் கழிவுநீர் கசிந்து உள்ளே வரக்கூடும். ஐந்தடி விட்டமும் ஆறடி உயரமுமாக வட்டத் தொட்டி கட்டினால் 3,300 லிட்டர் கொள்ளும். வட்டமாயின் நீரின் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும். சுவர் மெலிதாக இருக்கலாம். செங்கல் வேண்டாம். கம்பிவலையை வட்டமாக வளைத்து, அதன்மேல் கோழிவலை சுற்றி, ஒன்றுக்கு மூன்று சிமெண்டுக் கலவையை உள்ளும் புறமும் பூசினால் ஒன்றரை அங்குலச் சுவர் போதும். பூசியபின் பத்து நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இதுதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால், தை முதல் வைகாசி வரை இந்த நீர் வரும்.

தளத்திலிருந்து மூன்று அங்குலக் குழாய் இறங்கட்டும். அதன் அடியில் ஒரு 'டீ' இணைப்பும் கழற்று மூடியும் வையுங்கள். மழையின் முதல் இரண்டு குடம் நீர் பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருவது. அதை வெளியேவிட்டு, பின் மூடியை அடைக்க வேண்டும். அடுத்து ஜல்லி, சிறுஜல்லி, கழுவிய மணல் அடுக்கிய வடிகட்டி. மணல் அழுக்கைப் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. குடிநீரைக் காய்ச்சியே பருகுங்கள். கீற்றுக் கூரை நீர் குடிக்க உதவாது. துவைக்கவும் கழுவவும் ஆகும். தொட்டி மூடியில் இடுக்கு இருத்தலாகாது. வழிகுழாயில் கொசுவலை கட்டுங்கள். டெங்குக் கொசு நல்ல நீரைத்தான் தேடி வரும்.

மோட்டாரை இறுதியில் வாங்குங்கள். அடியில் ஒரு குழாய்த்திருகு இருந்தால் குடிநீருக்கு மோட்டாரே தேவையில்லை. கழிப்பறைக்குத்தான் அது வேண்டும். நீரில்லாத கழிப்பறை விறகு வைக்கும் அறையாகிவிடுகிறது. வயதுக்கு வந்த பெண்ணும் மூட்டு வலிக்கும் பாட்டியும் இருட்டில் வெளியே போகிறார்கள். அரை குதிரைத்திறன் போதும். கூரைமேல் வைத்த 200 லிட்டர் பீப்பாய் சுமார் பத்து நிமிடத்தில் நிறையும். தொட்டி தரைக்குமேல் இருப்பதால் நீர் தானாகவே மோட்டாருக்கு வரும். ஒவ்வொரு முறையும் நீர் ஊற்றி ஓட்டும் தொல்லை இல்லை. நில இணைப்பு இல்லாமல் ஓட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரையே ஏற்றலாம். தை பிறந்தபின் தொட்டி நீர் குடிப்பதற்கு மட்டும். கழிப்பறைக்குத் தெருக்குழாய் நீரைத் தனிப் பீப்பாயில் தானாக விழவிட்டு, அதிலிருந்து ஏற்றுங்கள். குழாயிலேயே மோட்டாரை மாட்டும் வேலையை நாம் செய்யக் கூடாது. நமக்குப் பின்னாலும் ஒரு கடைசி வீடு இருக்கிறது.

பள்ளியின் பின்புறம் மாணவியர் ஒரு தொட்டிக்குக் கம்பிவலை வளைத்து நிறுத்தியிருக்கின்றனர். நாளைக் காலை ஏழு மணிக்குப் பூச்சு வேலை. கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்களும், தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் வரலாம்.