கோடாகன் பிள்ளை வழக்கும் நம்ம வீட்டுப் பத்திரமும்

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன மாதம் ஒரு அக்கா எங்களிடம் வந்து, "மகளுக்கு அடையாள அட்டை எடுக்கப் போனா, என் பேர்ல ஒரு எழுத்துப் பிழைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு எழுத்துக்கா இவ்வளவு அலைச்சல்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதுக்குப் பதிலாக ஒரு பழைய வழக்கைச் சொல்கிறோம்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவன் என்றால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்கணும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். பாட்டன் பிறந்த லயத்தைக் கை நீட்டிக் காட்டலாம். பத்திரத்துக்கு எங்கே போவது? அடுத்த வருஷமே தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று ஆக்கிவிட்டார்கள். 1947இல் வாக்குப் போட்ட நம்ம ஆட்களின் பேர்கள் இடாப்பிலிருந்து போயின.

றுவன்வெல்லைத் தொகுதியில் கோடாகன் பிள்ளை என்ற ஒருவர் இதைச் சும்மா விடவில்லை. என் பேரை இடாப்பில் சேருங்கள் என்று விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி மறுத்தார். அதை மீள விசாரித்த திருத்த அதிகாரி சிவஞானசுந்தரம், இந்தச் சட்டங்கள் செல்லாது, பேரைச் சேர்க்கலாம் என்றார். ஏனென்றால், ஒரு இனத்தாருக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக் கூடாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. பெரிய துணிச்சல் அது.

1951இல் கொழும்பு உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1953இல் தோற்றது. யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான வேலை என்றார்கள். இந்தியத் தமிழர் வந்து போகும் பழக்கமுள்ளவர்கள், பிரஜையாகத் தகுதி உண்டா என்று பார்க்கையில் அதையும் கவனிக்கலாம், அது இனத்தைப் பற்றிய விஷயமில்லை என்றார்கள். மூணு தலைமுறை ஒரே செக்ரோலில் பேர் பதிஞ்சவனுக்கு வந்து போகும் பழக்கமாம்! எங்களுக்கு இன்றைக்கும் இது செரிக்கவில்லை.

1949இன் இன்னொரு சட்டப்படி, இங்கே வசித்த காலத்தைக் காட்டி விண்ணப்பிக்க வழி இருக்கிறதே என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அந்த வழி எப்படி இருந்தது? கலியாணமானவருக்கு 7 வருஷம், ஆகாதவருக்கு 10 வருஷம் விடாமல் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. எங்கள் தாத்தாவுக்கும் கிடைக்கவில்லை. இடையில் ஒரு வருஷம் வேறு தோட்டத்தில் இருந்தாராம், அந்தத் துண்டு தொலைந்துபோயிற்று. சாகும்வரை தகரப் பெட்டியைத் திறந்து திறந்து தேடினார்.

1964இல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தன. கடைசியில் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளை குட்டிகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. கோர்ட்டில் தோற்றது பாராளுமன்றத்தில் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

இப்போ அந்த அக்காவின் எழுத்துக்கு வருவோம். இன்றைக்கு யாரும் பூட்டன் பிறந்த இடத்தைக் கேட்பதில்லை. ஆனால் செக்ரோலில் ஒரு பேர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், கோயிலில் வச்ச பேர் ஒன்று என்றிருந்தால், அடையாள அட்டையிலும் சேமலாப நிதிக் காசிலும் இடிக்கும். பிள்ளை பிறந்து 3 மாதம் தாண்டினால், காலங்கடந்த பதிவு என்று தனி அலைச்சல். பேரப்பிள்ளைகளின் பத்திரங்களை ஒருதரம் எடுத்து வாசித்துப் பாருங்கள். வாக்காளர் இடாப்பை வருஷாவருஷம் திருத்துகிறார்கள். 18 வயசான பிள்ளையின் பேர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வாசிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். வருகிற ஞாயிறு காலை இதே பிள்ளைக்காம்பராவில் இருப்போம், பெட்டியோடு கொண்டு வாருங்கள்.