கோடையில் அணையும் கணினி

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாயில் திறந்து கிடக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கோவைப் பக்கத்துக் காற்று அவ்வாயிலின் வழியே கேரளத்துள் புகும் நிலத்தில், சித்தூர் வட்டத்தில், எங்கள் நல்லேப்பிள்ளி இருக்கிறது. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இங்கே பல. நெல்லும் தென்னையும் சூழ்ந்த ஊர்தான். எனினும் கேரளம் என்றவுடன் வெளியூரார் எண்ணும் குளிர்ச்சி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே கிடையாது. தை, மாசியில் கீழ்க்காற்றுப் புழுதியை வாரிக்கொண்டு வரும். அதன் பின் வெயில். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவாயிற்று. 2024 ஏப்ரலில் பாலக்காட்டு மாவட்டத்துக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்ததை நேயர்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

இத்தகைய ஊரில், ஓட்டு வீட்டு மச்சு அறையில், எங்கள் தமக்கையாரின் மகன் தன் கையாலேயே ஒரு கணினியைக் கட்டி வைத்திருக்கிறான். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, இரண்டு மாதம் பொறுத்து, ஒன்றாகப் பூட்டியது. விளையாட்டுக்கென்று கட்டிய பெட்டிதான். ஆனால் திருமண வீடியோக்களைத் தொகுத்துத் தரும் சிறு வருமானமும் அவனுக்கு அதிலிருந்தே வருகிறது. மார்கழியில் ஒழுங்காக ஓடியது, பங்குனி பிறந்ததும் நடு ஆட்டத்தில் பட்டென்று அணையத் தொடங்கிற்று. திரை கறுத்துவிடும், விசிறிகள் நின்றுவிடும், மின்சாரம் போனாற்போல் ஓர் அமைதி.

கிராபிக்ஸ் கார்டு சூடேறிக் கெட்டுவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். புதியது வாங்கப் பணம்? மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்கென்று தமக்கையார் பிடித்து வைத்திருந்த சீட்டுப் பணம் இருந்தது. அவரும் பெற்ற மனத்தால் இசைந்துவிட்டார். “மாமா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று அவன் கேட்டபோதுதான் நாங்கள் இவ்விஷயத்தில் தலையிட்டோம். “தம்பி, ஒரு வாரம் பொறு, எது கெட்டது என்று கண்ட பிறகு வாங்கலாம்” என்றோம்.

கணினி சூடேறுவது வேறு, திடீரென அணைவது வேறு. இரண்டும் ஒன்றே என்று கொள்வதால்தான் பலர் பணத்தை இழக்கின்றனர். இன்றைய செயலிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள அறிந்தவை. மேசைக் கணினிச் செயலிகள் பெரும்பாலும் 90 முதல் 105 டிகிரிக்குள் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து வெப்பத்தைத் தணிக்கின்றன. ஆட்டம் தள்ளாடும், படம் விட்டுவிட்டு வரும், ஆயினும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். அப்படியும் தணியாதபோதே அணையும். இந்தத் தற்காப்பு எல்லாச் செயலிகளிலும் ஒரே காலத்தில் வந்ததன்று. 2001ஆம் ஆண்டில் ‘டாம்ஸ் ஹார்ட்வேர்’ என்னும் ஆய்வுப் பத்திரிகையினர், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் மேலிருந்த குளிர்விப்பானை அகற்றிப் படம் பிடித்துக் காட்டினர். பென்டியம் 4 வேகம் குறைந்து பிழைத்துக்கொண்டது. பென்டியம் 3 உறைந்து நின்றது. அன்றைய அத்லான் செயலியோ நொடிப்பொழுதில் புகைந்து கருகியது. இன்று அந்நிலை இல்லை. ஆகவே, தள்ளாட்டம் ஏதுமின்றி விளக்கணைந்தாற்போல் கணினி அணைந்தால், செயலியை மட்டும் சந்தேகிப்பது பொருந்தாது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால் ‘கர்னல் பவர் 41’ என்றொரு குறிப்பு காணப்படும். அதைக் கண்டு அஞ்சுவோர் பலர். முறைப்படி மூடாமல் கணினி நின்றது என்பதைத் தவிர அது பெரும்பாலும் வேறொன்றும் சொல்வதில்லை. உயிர் போனது என்று எழுதிய சான்றிதழ், காரணம் எழுதவில்லை, அவ்வளவே.

நாங்கள் முதலில் அறையின் வெப்பத்தை அளந்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு மச்சில் 37 டிகிரி. விசிறி எத்துணை வேகமாகச் சுழன்றாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தர இயலாது. குளிர் நாட்டில் 22 டிகிரி அறையில் அமர்ந்து ஒருவர் தம் கணினி 65 டிகிரியில் ஓடுவதாகக் கூறினால், அதே கணினி எங்கள் மச்சில் ஏறத்தாழ 80 டிகிரியில் ஓடும். அது நோயன்று, ஊரின் வெயில். பிறர் சொல்லும் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுமுன் இரண்டு அறைகளின் வெப்பத்தையும் கேட்டறிவது முறை.

பின்னர், வெப்பமானி நிரல் ஒன்றை ஓடவிட்டு, அளவுகளை நொடிதோறும் கோப்பில் பதியச் செய்தோம். அணையும் கணத்தில் திரையைப் பார்க்க முடியாது; கோப்பு மட்டும் எஞ்சியிருக்கும். அணையும்போது செயலி 84, கிராபிக்ஸ் கார்டு 79. இரண்டுமே எல்லைக்குள் இருந்தன. ஆயினும் பையனுக்கு மனம் ஒப்பவில்லை. செயலியின் மேலிருந்த பழைய வெப்பப் பசையைத் துடைத்து, புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்துப் பூட்டினான். சந்தனம்போல் அப்பினால் நன்மை என்று எண்ணுவோர் உண்டு. தேவைக்கு மேற்பட்ட பசை வழிந்து அழுக்காகுமேயன்றிப் பயன் தராது. புழுதியை ஓவியத் தூரிகையால் தட்டினோம். காற்றூதியைப் பயன்படுத்தும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் அவை கட்டுக்கடங்காமல் சுழன்று தாங்கு உருளை கெடும். இவற்றால் செயலி 76 டிகிரிக்கு இறங்கிற்று. அதன் பிறகும் பெட்டி முன்போலவே அணைந்தது!

இந்தத் தோல்வியே எங்களுக்கு வழிகாட்டிற்று. செயலிக்கு மட்டும் அரைமணி நேரம் கடும் வேலை கொடுத்தோம், அணையவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் கொடுத்தோம், அப்போதும் அணையவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 18 நிமிடத்தில் அணைந்தது. பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. பின்புறத்து மின்விசையை அணைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டுப் போட்டால் எழுந்தது. யூ.பி.எஸ்ஸை விலக்கிச் சுவர் மின்சாரத்தில் நேரே இணைத்தும் பார்த்தோம், மாற்றமில்லை. நள்ளிரவில், அறை 28 டிகிரிக்கு இறங்கியபின், அதே வேலையை இரண்டு மணி நேரம் சலிப்பின்றிச் செய்தது. தனித்தனியே நலம், ஒன்றுசேர்ந்தால் நோய். இரவில் நலம், பகலில் நோய். அனைத்துக்கும் மின்சாரம் பகிரும் பவர் சப்ளையைத் தவிர வேறெதன்மேல் ஐயம் எழும்?

பவர் சப்ளைக்குள்ளும் ஒரு காவல் உண்டு. அளவுக்கு மேல் சூடேறினாலோ மின்னோட்டம் மிகுந்தாலோ அது சொல்லாமல் கடையை மூடிவிடும். அதன் திறனைக் குறிக்கும் வாட் எண், 40 அல்லது 50 டிகிரிக் காற்று உட்புகும் நிலையைக் கருதி உற்பத்தியாளர் தந்தது. சில கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் பொழுதினும் குறுகிய நேரத்துக்குத் தம் சராசரியின் இருமடங்கை நெருங்கும் மின்சாரத்தை இழுப்பதும் உண்டு. வாட் கணக்கைச் சரிக்குச் சரியாய்ப் போட்டு வாங்கியவர்கள் அங்கே சிக்குகின்றனர். இவன் வாங்கியதில் அக்குறை இல்லை. பின் என்ன?

பெட்டியைச் சாய்த்துப் பார்த்தோம். இத்தகைய பெட்டிகளில் பவர் சப்ளை அடியில் அமர்ந்து, தரைப்பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சும். அங்குள்ள சல்லடை புழுதியால் கம்பளி போல் மூடிக் கிடந்தது. அதற்கும் கீழே பெட்டியின் கால்கள் முழுதும் புதைந்துபோகும்படி, தடித்த தேங்காய் நார் மிதியடி ஒன்று. மூக்கைப் பொத்தி ஓடவிட்ட கதைதான்.

அந்த மிதியடியைக் கொடுத்தவர்கள் நாங்களே. “சிமெண்டுத் தரை, ஈரம் ஏறும், பத்திரமாக இருக்கட்டும்” என்று அன்போடு சொல்லிக் கொடுத்தோம். தமக்கையார் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

சல்லடையைக் கழுவி உலர்த்தி, இரண்டு மரக்கட்டைகளின்மேல் பெட்டியை ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மறுநாள் அறை 38 டிகிரி, இரண்டு மணி நேர ஆட்டம், அணையவில்லை. ஆயினும் பலமுறை வெந்த பவர் சப்ளை புதியது போன்றதன்று. அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாரின் கணக்கு. எனவே படங்களின் வேகத்தை நொடிக்கு 60க்கு மிகாமல் கட்டுப்படுத்தி ஆடும்படி பையனிடம் கேட்டுக்கொண்டோம். முணுமுணுத்துக்கொண்டே ஒப்பினான். பவர் சப்ளையைத் திறந்து பார்க்கவும் அவனுக்கு ஆவல். அதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்தோம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இதை வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. பெங்களூரில் ஆண்டு முழுதும் ஓடிய பெட்டியைக் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்து, இங்கே அணைகிறது என்று கலங்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். அவர்கள் வெயிலோடு பயணத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பேருந்தின் குலுக்கலில் கனத்த குளிர்விப்பான் செயலியின் மேலிருந்து சற்றே தளர்ந்திருக்கலாம். நான்கு திருகுகளைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. தில்லியில் இருப்போருக்கு வைகாசிப் புழுதியே பகை. மாதம் ஒருமுறை சல்லடையைக் கழுவுவது அங்கே மிகையன்று. மும்பையின் சிறு குடியிருப்புகளில் இடம் இன்மையால் பெட்டியை மேசை அலமாரிக்குள் அடைப்பது வழக்கம். தான் வெளியேற்றிய சூட்டையே தான் மீண்டும் உண்ணும் நிலை அது. அலமாரியின் பின்பலகையைக் கழற்றிவிட்டால் செலவில்லாமல் சில டிகிரி குறையும்.

எங்கள் தமக்கையாரின் சீட்டுப் பணம் வைகாசியில் ஓட்டுக்குப் போயிற்று. மிதியடி வாசலுக்குப் போயிற்று.