மூளையும் பழக்கமும் வழிபாடும்



திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா நிறைவெய்தியபின் மண்டலாபிஷேகம் எனப்படும் 48 நாட்பூசை தொடர்ந்து நிகழ்தல் மரபு. அந்நாள்களில் திருக்கோயிலில் கூட்டத்திற்குக் குறைவிராது. நாளொரு குடும்பத்தார் கட்டளை ஏற்பர், திருமுறை இன்னிசை முழங்கும், திருவிளக்குகள் ஒளிரும். ஆயின், 49-ஆம் நாள் மாலை அச்சந்நிதியில் நிற்போர் எத்துணையர்? இவ்வினா எவரையும் குறைகூற எழுந்ததன்று. திருக்கோயிலைப் பற்றி எழும் இதே வினா ஒவ்வொரு மனிதனுடைய வாழ்விலும் எழுகின்றது. அதனைச் சிறிது ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

விரதம் பூண்டு மாலை அணிந்த ஒருவனைக் கருதுக. அவன் நெடுங்காலமாக மதுவுக்கு ஆட்பட்டவன். மாலை கழுத்தில் ஏறிய நாள் தொட்டு ஒரு துளியும் தீண்டான், வைகறையில் நீராடுவான், திருநீறு அணிவான், இருவேளையும் வழிபடுவான். அவன் மனைவியும் மக்களும் அந்நாள்களில்தான் அச்சமின்றி உறங்குவர். ஒரு மண்டலம் நிறைகின்றது, மாலையைக் கழற்றுகின்றான். அன்றோ மறுநாளோ, பழைய பொழுதில், பழைய தோழருடன், பழைய கடைவாயிலில் நிற்கின்றான். 'இவன் பத்தி வேடம்' என ஊரார் இகழ்வர். 'என் நெஞ்சு திருந்தாது' என அவனும் தளர்வான். இவ்விரு முடிபும் பிழையானவை. அவன் பூண்ட விரதம் பொய்யன்று. அது போதிய அளவு தொடரவில்லை. தொடர்வதற்குரிய இடத்தில் நடப்படவுமில்லை. இதற்குச் சைவ நூல்களும் சான்றாகின்றன. இக்காலத்து மூளையியலும் சான்றாகின்றது.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆயது. அதன் நான்காம் சூத்திரம், மனம் முதலிய அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று என்றும், அரசன் அமைச்சரொடு கூடி ஆட்சி நடத்துமாறுபோல ஆன்மா அக்கருவிகளொடு கூடித் தொழிற்படும் என்றும் உணர்த்துகின்றது. அமைச்சர் நல்லராயின் ஆட்சி நன்கு நடைபெறும். அமைச்சர் தம் பழக்கத்தின்வழியே ஒழுகத் தலைப்படின் அரசனது ஆணை ஏட்டளவில் நின்றுவிடும். 'இனிக் குடியேன்' என்று உறுதி கொள்பவனும், பின்னர்க் கடைவாயிலுக்கு நடப்பவனும் ஒருவனே ஆயினும், முன்னையதில் அரசன் பேசுகின்றான். பின்னையதில் அமைச்சர் ஆள்கின்றனர்.

அவ்வமைச்சர் தொழில் புரியும் மாளிகை என மூளையைக் கொள்ளலாம். மனிதமூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், உடல் ஓய்ந்திருக்குங்கால் செலவாகும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கை அதுவே கொள்கின்றது. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என 2009-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. ஓரணு மற்றோரணுவை மீண்டும் மீண்டும் தூண்டுமாயின் அவ்விரண்டன் இணைப்பு வலுப்பெறும் என்று கனடா நாட்டு அறிஞர் டொனால்ட் ஹெப் 1949-இல் வெளியிட்ட நூலிற் கூறினார். பின்னர் வந்த சோதனைகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. புல்வெளியில் ஒருவன் ஒருநாள் நடந்தால் புல் மடங்கி நிமிரும். நாள்தோறும் நடந்தால் தடம் விழும். தடம் விழுந்தபின் கண்ணை மூடினும் கால் அவ்வழியே செல்லும். பழக்கம் என்பது மூளையில் விழுந்த தடமேயாம்.

இத்தடம் மனிதன் அறியாமலேயே பதியும் என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. அமெரிக்க நாட்டில் ஹென்றி மொலைசன் என்பார் தீராத வலிப்பு நோயால் வருந்தினார். 1953-இல், அவருக்கு 27 வயது நிகழ்கையில், மூளையின் இருபுறத்தும் ஒரு பகுதி அறுத்து நீக்கப்பெற்றது. வலிப்பு பெரிதும் தணிந்தது. ஆயின் புதிய செய்தி எதனையும் நினைவில் நிறுத்தும் ஆற்றல் அவரை விட்டு அகன்றது. சற்றுமுன் பேசியவரையும் மறப்பார். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவருக்கு ஒரு பயிற்சி அளித்தார். கண்ணாடியில் தெரியும் நிழலை மட்டும் நோக்கி ஒரு விண்மீன் வடிவத்தின் விளிம்பை வரைதல் வேண்டும். அது யார்க்கும் தொடக்கத்தில் அரிது. மூன்று நாட்பயிற்சியில் மொலைசனுடைய கை தேர்ச்சி பெற்றது. வியப்பு யாதெனின், அப்பயிற்சியைத் தாம் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! அறிவு மறந்ததைக் கை மறக்கவில்லை. 2008-இல் அவர் மறையும்வரை ஆய்வுகட்கு உடன்பட்டு உலகிற்கு உதவினார். நினைவு தங்கும் இடம் வேறு, பழக்கம் தங்கும் இடம் வேறு என்பது அவரால் விளங்கியது. ஆகவே, 'மது தீது' என்று அறிந்திருத்தல் ஒன்று; அதனை நாடாத பழக்கம் மற்றொன்று. முன்னையது உண்டானமையால் பின்னையது தானே உண்டாகிவிடாது.

இனி, விழுந்த தடம் அழியுமோ எனின், எளிதில் அழியாது என்பதே ஆய்வு காட்டும் விடை. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் எலிகளை ஒரு சிறு பாதையில் ஓடப் பழக்கினர். பாதையின் முடிவில் இனிப்பு வைக்கப்பெற்றது. தொடக்கத்தில் ஓட்டம் முழுவதிலும் எலியின் மூளையடியிலுள்ள நரம்பணுத் திரள் உழைத்தது. பழகியபின், ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே அது விழித்தெழுந்தது. இடைப்பட்ட ஓட்டம் தானே நிகழ்ந்தது. பின்னர் இனிப்பை நீக்கினர், அவ்வமைப்பு மறைந்தது. பழக்கம் ஒழிந்தது போலும் எனத் தோன்றியது. மீண்டும் இனிப்பை வைத்த அளவில், மறைந்த அமைப்பு விரைவில் திரும்பியது. 2005-இல் இஃது உலகிற்கு அறிவிக்கப்பெற்றது.

பெருங்காயம் இருந்த பாண்டத்தைக் கழுவிய பின்னும் அதன் மணம் நீங்காமை, வாசனையை விளக்கச் சைவ ஆசிரியர் காட்டும் உவமையாகும். மும்மலப் பிணிப்பு நெகிழ்ந்த நிலையிலும் பண்டைப் பழக்கத்தின் வாசனை தாக்கும் என்றும், அதனை வெல்ல இடையறாத் திருவைந்தெழுத்தும் அடியார் கூட்டமும் ஆலய வழிபாடும் வேண்டும் என்றும் அவர்கள் வற்புறுத்துவர். எலியின் மூளையில் கண்டதும் ஆன்மாவைப் பற்றிச் சாத்திரம் கூறுவதும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது. அவை வெவ்வேறு துறையின. எனினும், மறைந்தது ஒழிந்ததாகாது என்னும் எச்சரிக்கை இரண்டிற்கும் பொதுவாதல் காணத்தக்கது.

இப்பொழுது மாலை கழற்றியவனை மீண்டும் நோக்குக. விரத நாள்களில் அவன் எழும் நேரம், உடுக்கும் உடை, பழகும் மாந்தர் அனைத்தும் மாறியிருந்தன. பழைய தடத்தைத் தூண்டும் குறிகள் அவன்முன் வரவில்லை. மாலையைக் கழற்றியவுடன் அந்தி வந்தது, தோழர் வந்தனர், தெருமுனை வந்தது. உறங்கிய தடம் விழித்தது. அவனிடத்து இல்லாதது பத்தியன்று. அந்தி ஆறு மணிக்குச் செய்தற்குரிய வேறொரு செயலே இல்லாதது.

புதிய செயல் பழக்கமாதற்கு எத்துணை நாள் வேண்டும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி முதலியோர் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் பங்குகொண்டனர். ஒவ்வொருவரும் ஓர் எளிய நற்செயலைத் தெரிந்து, நாள்தோறும் ஒரு குறித்த செயலை அடுத்து, 12 வாரம் செய்துவந்தனர். அச்செயல் தானே நிகழும் நிலையை எய்த வேண்டிய காலத்தின் நடு அளவு 66 நாள் எனக் கணிக்கப்பெற்றது. சிலருக்கு 18 நாளே அமைந்தது. சிலருக்கு 254 நாள்வரை வேண்டும் எனத் தெரிந்தது. ஆதலின் 48 நாள் சிலருக்குப் போதும். பலருக்கு அது பாதி வழியே. ஒரு மண்டலத்தை முடிவெனக் கொள்ளாது தொடக்கமெனக் கொள்ளல் வேண்டும். அவ்வாய்வு கண்ட மற்றோர் உண்மை தளர்ந்தோர்க்கு ஊன்றுகோலாவது: இடையே ஒருநாள் தவறினும் பழக்கம் உருவாதல் பெரிதும் கெடுவதில்லை. ஒருநாள் வழுக்கியவன் 'எல்லாம் போயிற்று' என்று எண்ணுதல் வேண்டா. மறுநாள் அதே பொழுதில் மீண்டும் தொடங்கினால் அமையும்.

இங்கே, சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் போற்றிய சாக்கிய நாயனார் வரலாறு நினைவுக்கு வருகின்றது. திருச்சங்கமங்கையில் தோன்றிக் காஞ்சியை அடைந்து, சாக்கிய வேடத்தில் நின்றே சிவபெருமானிடத்து அன்பு மீதூர்ந்தவர் அவர். ஒருநாள் வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டார். உவகை மிகுதியால் தம்மை அறியாது அருகிருந்த ஒரு கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் அவ்விடம் வந்தபோது, முதல்நாள் செய்ததனைத் திருவருட் செயலென உணர்ந்து, மீண்டும் ஒரு கல் எறிந்தார். அதுமுதல், உண்பதற்கு முன் ஒரு கல் எறிதல் அவருக்கு நியமமாயிற்று. ஒருநாள் திருவருளால் அதனை மறந்து உண்ணப் புகுந்தார். உணவைக் கண்ட அளவில் நினைவு வந்தது. பசியோடு விரைந்தோடிக் கல்லெறிந்து வழிபட்டார். இறைவன் விடைமேல் தோன்றி ஆட்கொண்டான்.

இவ்வரலாற்றின் உயிர் அன்பே, அதில் ஐயமில்லை. எனினும் அவ்வன்பு எவ்வாறு நாள்தோறும் செயலாயிற்று என்பதும் நோக்கத்தக்கது. பெருஞ்செலவுடைய பூசையை அவர் மேற்கொண்டாரல்லர். ஒரு சிறு கல் போதியதாயிற்று. 'நேரம் வாய்க்கும்போது செய்வேன்' என்று விட்டாரல்லர். நாளும் தவறாது வரும் உணவோடு அதனைப் பிணித்தார். ஆதலினாலேயே மறந்த நாளிலும் உணவே நினைவூட்டியது. சிறிய செயல், குறித்த பொழுது, தவறா நியமம் என்னும் இம்மூன்றையும் இக்காலப் பழக்கவியலும் வேண்டுகின்றது.

உணர்ச்சிகளும் இவ்வாறே பழக்கத்திற்கு இடந்தருவன. மூளையின் உள்ளே வாதுமைப் பருப்பின் வடிவினதாக அமிக்டலா என்றோர் உறுப்பு உண்டு. அச்சுறுத்தும் பொருளைக் கண்டவுடன், அறிவு ஆராயுமுன்னரே அது உடலை எழுப்பிவிடும், நெஞ்சு படபடக்கும், சினம் மூளும். நெற்றிக்குப் பின்னுள்ள பெருமூளைப் பகுதி ஆராய்ந்து அதனை அடக்க வல்லது; அதற்குச் சிறிது காலம் வேண்டும். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுங்கால் நெஞ்சத் துடிப்பு தணிந்து அக்காலம் கிடைக்கின்றது. சந்நிதியில் அமர்ந்து திருவைந்தெழுத்தை நிதானமாகக் கணிப்போர் மூச்சும் அவ்வாறே அடங்குகின்றது. வழிபாட்டின் பயன் இவ்வளவே என்பதன்று. கருவிகளும் அமைதி பெறுகின்றன என்பது கருத்து.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கருவி பழக்கத்தால் திரிதல் வேறு. நோயாற் பழுதுறுதல் வேறு. 1848 செப்டம்பர் 13-இல் அமெரிக்க நாட்டு வெர்மாண்ட் பகுதியில் இருப்புப்பாதை வேலையில் ஈடுபட்டிருந்த பினியஸ் கேஜ் என்பவருடைய கன்னத்திற் புகுந்த இரும்புக்கோல் ஒன்று மூளையின் முன்பகுதியைத் துளைத்து உச்சிவழியே வெளியேறியது. அவர் பிழைத்தார். ஆயின், பொறுப்பும் பண்பும் உடையவராயிருந்த அவர், பொறுமையிழந்து தகாத சொற் பேசுபவராயினார் என மருத்துவர் ஹார்லோ எழுதிவைத்தார். பின்னாளில் அவர் சிலி நாட்டிற் சென்று பல ஆண்டு குதிரைவண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒழுங்காக அமைந்த அத்தொழில் அவரை ஓரளவு நிலைப்படுத்தியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அவர் குணம் மாறியது அவர் குற்றமா?

ஆதலின், மனச்சோர்வால் எழமாட்டாது கிடப்பவரையும், காரணமின்றி அஞ்சி நடுங்குபவரையும், குடிநோயால் நலிபவரையும் 'உனக்குப் பத்தி இல்லை' என்று இடித்துரைத்தல் கொடுமையாகும். கண்ணில் படலம் விழுந்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர், மூளையின் நோய்க்கும் மருத்துவரை நாடுதலே முறை. பன்னெடுநாள் மிகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் மயக்கமும் நேரலாம். அன்னார் மாலை அணியுமுன் மருத்துவர் துணையைப் பெறுதல் வேண்டும். மருந்தும் திருநீறும் ஒன்றற்கொன்று பகையல்ல. நோயுற்றவரைச் சந்நிதிக்கு அழைத்து வருக. மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்க.

பொருளுதவிய பெருமக்களே! கோபுரம் உயர்ந்தது உங்கள் கொடையால். இனி இத்திருக்கோயில் வேண்டும் கொடை வேறு. அந்திப் பொழுதில் சாயரட்சை வழிபாடு ஒருநாளும் தவறாது நிகழ்க. அந்நேரத்தில் விளக்கேற்றவும், திருவலகிடவும், மாலை தொடுக்கவும், திருமுறை ஓதவும் சிறு சிறு பணிகள் பகுத்தளிக்கப்பெறுக. மாலை கழற்றிய அவ்விளைஞனை, 'நாளையும் ஆறு மணிக்கு வா தம்பி. இந்த விளக்கு உன் பொறுப்பு' என்று ஒருவர் அழைப்பாராயின், பழைய தடம் தொடங்கும் அதே பொழுதில் புதிய தடம் ஒன்று தொடங்கும். ஒருநாள் அவன் வாராதொழியின் எள்ளற்க, மறுநாளும் அழைக்க. அவன் இல்லத்தில் குழந்தைகள் அச்சமின்றி உறங்கும் இரவு 49-ஆம் நாளும் நீளும். அதுவும் ஒரு குடமுழுக்கேயாம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது முதுமொழி. நாளும் ஒரு சிறு செயலால் கல்லனைய பழக்கமும் தேயும்; சாக்கியர் எறிந்த கல்லோ மலராயிற்று. கருவிகளைத் தந்த இறைவன் அவற்றை நல்வழிப்படுத்தும் உறுதியையும் தந்தருள்வானாக!

திருச்சிற்றம்பலம்.