உழைத்து வாங்கியதுதான் கையில் தங்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



‘உழைப்பால் பெறும் பரிசு’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தலைப்பை அறிவித்தவுடனே பின் வரிசையில் இரண்டு மூன்று தம்பிகள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பயப்படாதீங்க தம்பி, நான் உபதேசம் செய்ய வரவில்லை. இரண்டு எஞ்சின்களின் கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதல் எஞ்சின், விகாஸ். 1974-ல் நம் விண்வெளித் துறையிடம் பெரிய திரவ எரிபொருள் எஞ்சின் கிடையாது. பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்று அப்போது ‘வைகிங்’ என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. விலை கொடுத்து வாங்க நம்மிடம் பணம் இல்லை. அதனால் ஒரு வித்தியாசமான உடன்பாடு ஏற்பட்டது. நம் பொறியாளர்கள் அங்கே போய் மொத்தம் நூறு ஆள்-ஆண்டு வேலை செய்து கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக அவர்கள் அந்தத் தொழில்நுட்பத்தைத் தர வேண்டும். அதாவது, ரூபாய்க்குப் பதில் உழைப்பைக் கொடுத்தோம். நம்பி நாராயணன் போன்றவர்கள் பிரான்சில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். திரும்பி வந்தபோது வரைபடம் பெட்டியில் இருந்தது, விஷயம் தலையில் இருந்தது. அதை வைத்து உருவானதுதான் விகாஸ். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் நிலையில் இருப்பது இதுதான்.

இரண்டாவது, கிரையோஜெனிக் எஞ்சின். இதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் திரவமாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் திரவமாக இருக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும்; ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. பக்கத்திலேயே எரியறை கொதிக்கும். இவ்வளவு குளிரையும் இவ்வளவு சூட்டையும் ஒரே கருவிக்குள் அடக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் 1991-ல் அன்றைய சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு, எஞ்சினையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து விலைக்கு வாங்க ஒப்பந்தம் போட்டோம். 1992-ல் அமெரிக்கா இரு தரப்பின் மீதும் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா, தொழில்நுட்பம் தர இயலாது என்று சொல்லிவிட்டது. கடைசியில் வந்தது ஏழு எஞ்சின்கள் மட்டும்.

யோசித்துப் பாருங்கள். ஏழு எஞ்சின் இருந்தால் ஏழு முறை ஏவலாம். எட்டாவது முறை?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் வருஷக்கணக்காக வேலை நடந்தது. 2007 நவம்பரில், விண்ணில் எரிய வேண்டிய நேரமான 720 விநாடியும் நம் சொந்த எஞ்சின் தரையில் எரிந்து காட்டியது. 2010 ஏப்ரல் 15 அன்று முதன்முதலாக அதைப் பொருத்தி ஏவினார்கள். தோல்வி. எரிபொருளை அழுத்திக் கொடுக்கும் டர்போ பம்ப் நின்றுபோனது. ராக்கெட் கடலில் விழுந்தது.

இங்கேதான் சொந்த உழைப்பின் மதிப்பு தெரிகிறது. அடுத்தவன் செய்து கொடுத்த சாமான் நின்றுபோனால் அவனுக்குத்தான் கடிதம் எழுத வேண்டும். நம் கையால் செய்தது நின்றுபோனால் ஏன் நின்றது என்று நாமே பிரித்துப் பார்க்கலாம். பார்த்தார்கள். 2013-ல், விண்வெளியில் இருப்பது போன்ற வெற்றிடத்தைத் தரையிலேயே உண்டாக்கி எரித்துச் சோதித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 19-ல் ஏவத் தயாரானபோது இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவு. ஏவுவதற்குச் சுமார் ஒரு மணி நேரமே இருந்தது. ‘பரவாயில்லை, விட்டுப் பார்ப்போம்’ என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்தினார்கள், அந்த நிலையையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 அன்று 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 செயற்கைக்கோளை நம் எஞ்சின் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொழில்நுட்பம் கிடையாது என்று சொல்லி இருபது வருஷம் கழித்து!

அதன் பிறகு இன்னும் பெரிய கிரையோஜெனிக் எஞ்சினும் செய்தார்கள். 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 கிளம்பிய ராக்கெட்டின் நடுப்பகுதியில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். உச்சியில் நம் கிரையோஜெனிக் எஞ்சின். உழைப்பைக் கொடுத்துக் கற்றதும், தனியாக உழைத்துக் கண்டுபிடித்ததும் ஒரே ராக்கெட்டில் போயின.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? தம்பிகளே, நம் ஊர்ப் பக்கமெல்லாம் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ கடைகள் இருப்பது உங்களுக்கும் தெரியும், மேடையில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் தெரியும். பணம் கட்டினால் சர்க்கியூட், ரிப்போர்ட், பைண்டிங் எல்லாம் வீட்டுக்கு வரும். நான் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறவன். ஒரு பையன் தண்ணீர்த் தொட்டி மட்டத்தைக் காட்டும் கருவி கொண்டுவந்தான். பளபளவென்று இருந்தது, அருமையாக வேலை செய்தது. “இந்த இடத்தில் ஏன் தம்பி இந்த ரெசிஸ்டர்?” என்று கேட்டேன். “சார், கடையில அப்படித்தான் போட்டுக் குடுத்தாங்க” என்றான். பொய் சொல்லவில்லை, நல்ல பையன். ஆனால் அடுத்த கேள்வி கேட்க வழியில்லை. அவனுக்குப் பின்னால் வந்த பெண்ணின் கருவி பாதிதான் வேலை செய்தது. எந்த இடத்தில் நிற்கிறது, என்னென்ன மாற்றிப் பார்த்தேன், இன்னும் ஒரு மாதம் இருந்தால் என்ன செய்வேன் என்று இருபது நிமிஷம் பேசினாள். அந்தப் பெண்ணைத்தான் எடுத்தோம்.

உதவியே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. அப்பா அம்மா கட்டிய ஃபீஸ், ஆசிரியர் பொறுமை, விடுதித் தோழன் கொடுத்த நோட்டு இல்லாமல் இங்கே எவரும் பட்டம் வாங்கவில்லை. விகாஸும் உதவியோடு வந்ததுதான். கற்றுக்கொள்ள உதவி வாங்குங்கள். கற்றுக்கொள்ளாமல் தப்பிக்க உதவி வாங்காதீர்கள்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். “அண்ணா, ஒரு ரெகமண்டேஷன்” என்று தம்பிகள் வந்தால் சும்மா கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் தொழிற்சாலையில், அலுவலகத்தில் தீராமல் கிடக்கும் ஒரு சின்னப் பிரச்சினையைக் கொடுங்கள். விடையைச் சொல்லாதீர்கள், மாதம் ஒரு முறை போனில் கேள்வி மட்டும் கேளுங்கள். முதல்வர் அய்யா அவர்கள் ஆய்வகத்தை மாலை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க அனுமதித்தால், அதற்காகும் செலவை நம் சங்கம் ஏற்கலாம் என்பது என் யோசனை. இன்றைய பொதுக்குழுவில் இதை முன்மொழிகிறேன், யாராவது வழிமொழியுங்கள்.